சொட்டு மருந்துக் குப்பியும் சித்திகாவும்

கோட்டைமேட்டில் சித்திகாவின் வீட்டுக்கு வழி கேட்டால் இன்றைக்கும் "அத்தர்க்கடை பாய் ஊடுங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவளுடைய அத்தா இருந்தவரைக்கும் பெரிய கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் அத்தரும் சாம்பிராணியும் விற்றார். அந்த வீட்டுப் பெண் உடம்பில் எந்த வாசனையும் பூசுவதில்லை. பெருநாளைக்குக்கூட இல்லை. முகத்துக்குப் பவுடர் இல்லை, கை வறட்சிக்குக் கிரீம் இல்லை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணம் ஆகாத ஏக்கம் என்று சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் பார்க்கிற வேலை அப்படி.

மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் அவள் ரசாயனப் பகுப்பாய்வாளர். மருந்தைச் சோதிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. சித்திகா சோதிப்பது மருந்து அடைபட்டிருக்கிற பொருளை: பிளாஸ்டிக் குப்பி, மூடி, ரப்பர் அடைப்பான், குளுக்கோஸ் பை. ஓட்டலில் சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் அதில் ஒரு வாடை ஏறியிருக்கும். மருந்துக்கும் அந்தக் கதி வரலாம். மூக்குக்குத் தெரியாத அளவில், மாதக்கணக்கில், மெதுவாக. அதனால் முதலில் வெறும் குப்பியை நறுக்கிக் கரைப்பானில் போட்டுச் சூடு காட்டி, அதிலிருந்து என்னென்ன வெளியே வர முடியும் என்று பார்ப்பாள். பிறகு மருந்து நிரப்பிய குப்பிகளை வெப்ப அலமாரியில் வைத்திருந்து, நிஜமாகவே எது கசிந்திருக்கிறது என்று பார்ப்பாள். கருவியின் திரையில் ஒரு கோடு ஓடும். ஏதாவது கலந்திருந்தால் கோடு ஊசிபோல் எழும்பி இறங்கும். அதைப் பீக் என்பார்கள். எழும்பிய ஒவ்வொரு பீக்கும் எந்தப் பொருள், எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். கையில் தடவிய கிரீம்கூட அங்கே ஒரு பீக்காக வந்து நிற்கும்.

கருவி அறையில் பெரும்பாலும் அவள் ஒருத்திதான் இருப்பாள். சின்ன வயசுப் பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள், கருவியைப் பழகிக்கொள்வார்கள், ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். போகும்போது கேக் வெட்டுவார்கள். அப்புறம் கொஞ்ச நாள் வாட்ஸ்அப்பில் பெருநாள் வாழ்த்து வரும். பிறகு அதுவும் நின்றுபோகும். சித்திகாவுக்கும் அந்த ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததற்கு அப்புறம் அவள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அண்ணன் ஷாநவாஸ் கத்தாரில் இருந்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் பண்ணுவான். வந்த வரன்கள் ஒன்றொன்றாய்த் தட்டிப்போய், பிறகு வருவதும் நின்றது. நாற்பதைத் தாண்டியபோது, வீட்டில் அம்மாவும் வேலையில் கருவியுமாக அவள் வாழ்க்கை ஒரு வழியில் படிந்துவிட்டது.

அவளுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி லோகப்பிரியா. எம்.எஸ்.சி. வேதியியலில் இருவரும் ஒரே பெஞ்சு. லோகப்பிரியா சிங்காநல்லூர்ப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கல்லூரியிலேயே சித்திகாவின் பெயரைச் சுருக்கிச் 'சித்தி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு லாஸ்யா பிறந்து பேச்சு வந்தபோது, அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அந்தக் குழந்தையும் 'சித்தி' என்றே கூப்பிட்டது. குழந்தைக்கு அது சுருக்கின பெயர் என்று தெரியாது. அம்மாவின் தங்கை என்றே நம்பியது. யாரும் திருத்தவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தாயும் மகளும் கோட்டைமேட்டு வீட்டுக்கு வருவார்கள். லாஸ்யா நேரே உள்ளறைக்குப் போய்ச் சித்திகாவுடைய அம்மாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பாள்.

லோகப்பிரியா வேலை பார்த்தது ஈரோடு ரோட்டில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனியில். மருந்தை எந்தக் குப்பியில் அடைப்பது, எந்த மூடி, எந்த லேபிள் என்று முடிவு செய்கிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அந்தக் கம்பெனியின் வேலைகள் சித்திகாவின் கூடத்துக்கும் வரும். வேலை விஷயத்தை அலுவலகத்தோடு வைத்துக்கொள்வது என்று இருவருக்கும் ஒரு பேசாத ஒப்பந்தம் இருந்தது. நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனியின் கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்துக் குப்பிகள் சோதனைக்கு வந்தது அப்படி ஒரு சமயத்தில்தான். பழைய மருந்து, பல வருஷமாக விற்பனையில் இருப்பது. வழக்கமான சோதனை. ஆனால் புதிதாக வந்த குப்பிகளில் இதற்கு முன் இல்லாத ஒரு பீக் எழும்பியது. சின்னதுதான். பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போகிற அளவு இல்லை.

சித்திகா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கரைப்பானை மாற்றிப் பார்த்தாள். கையுறையை, தண்ணீரை, கண்ணாடிச் சிமிழின் மூடியைத் தனித்தனியாகச் சோதித்தாள். எல்லாம் சுத்தம். குப்பியை நறுக்கிச் செய்த பழைய சோதனையை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அந்தப் பீக் இல்லை. வெறும் குப்பியிலும் இல்லை, குப்பியில் அடைக்காத மருந்திலும் இல்லை, கூடத்திலும் இல்லை. ஆனால் குப்பிக்குள் இருக்கிற மருந்தில் இருக்கிறது.

கூடத்தின் உரிமையாளர் வெங்கடபதி அவளை அறைக்கு அழைத்தார். மில் குடும்பத்தில் பிறந்து, மில்லை விற்றுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஏனுங்க அம்மணி, நம்ம லேப்புக்குள்ளயே எதாச்சும் கலந்திருக்குமுங்களா? கம்பெனிக்காரங்க அப்படித்தான் கேக்கறாங்க."

"எல்லாம் பாத்துட்டனுங்க சார். நம்மகிட்ட இல்லீங்க."

"அப்ப எங்கிருந்துதான் வருது?"

"தெரியலீங்க. தெரிஞ்சாத்தான் எழுத முடியும். கொஞ்சம் டைம் குடுங்க."

அவர் கொடுத்தார். கருவி அந்தப் பொருளின் பெயரைச் சொன்னது: பென்சோபீனோன். அச்சு மையைப் புற ஊதா விளக்கில் சட்டென்று உலரவைப்பதற்குச் சேர்க்கிற சங்கதி. கண் மருந்துக்குள் அச்சு மைக்கு என்ன வேலை? சித்திகா பழைய குப்பி ஒன்றையும் புதுக் குப்பி ஒன்றையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குப்பி ஒன்றே. மூடி ஒன்றே. பழைய லேபிள் மங்கலாக இருந்தது. புதியது பளபளவென்று வெளிச்சத்தைத் திருப்பியது. நிறத்திலும் எழுத்திலும் எந்த மாற்றமும் இல்லை. பளபளப்பு மட்டும்தான்.

நறுக்கிச் சோதிப்பதற்கு வெறும் குப்பி அனுப்பும்போது லேபிள் ஒட்டாமல்தான் அனுப்புவார்கள். அதனால் லேபிளை யாரும் சோதிக்கவே இல்லை. சொட்டு மருந்துக் குப்பி, விரலால் அழுத்தினால் அமுங்கவேண்டும் என்பதற்காக, மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்தது. பார்வைக்குச் சுவர், சில பொருள்களுக்கு அது சல்லடை. சித்திகா லேபிளை உரித்துத் தனியாகச் சோதித்தாள். திரையில் அதே இடத்தில் பீக் பனைமரம்போல் எழுந்தது. அதோடு விடவில்லை. லேபிள் ஒட்டிய குப்பிகளிலும் ஒட்டாத குப்பிகளிலும் வெறும் தண்ணீரை நிரப்பி வெப்ப அலமாரியில் வைத்தாள். சில வாரம் கழித்து எடுத்தபோது லேபிள் இருந்ததில் அது இருந்தது, இல்லாததில் இல்லை.

அலமாரிக் கதவைச் சாத்தினாள். கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். அந்த லேபிளை மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடியவளும் அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெங்கடபதி விஷயத்தைக் கம்பெனியில் லோகப்பிரியாவின் பிரிவுக்கு மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். எழுத்தில் அறிக்கை பின்னால் வரும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே லோகப்பிரியா வந்தாள். லாஸ்யாவும் வந்திருந்தாள், வழக்கம்போலக் கட்டிலுக்கு ஓடினாள். சித்திகா டீ போட்டு, வர்க்கியை ஒரு தட்டில் வைத்து அம்மாவுக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு, லோகப்பிரியாவை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

"நாந்தான் ஓகே பண்ணினேன்," என்றாள் லோகப்பிரியா. "லேபிள் அடிக்கற பிரஸ்காரங்க பழைய மை கிடைக்கல, இது அதே மாதிரிதான்னு பேப்பர் குடுத்தாங்க. நம்பிட்டேன். டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கணும். அனுப்பல."

சித்திகா கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பன்னு தெரியுமா? லாஸ்யாவுக்கு டெங்கு வந்துச்சே, அந்த வாரம். ஆஸ்பத்திரில உக்காந்துட்டே போன்ல அப்ரூவ் பண்ணிப்போட்டேன்."

சித்திகாவுக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருந்தது. லோகப்பிரியாவின் கணவர் அப்போது வெளியூரில் இருந்தார். காலையில் கஞ்சியும் சாயங்காலம் ரசம் சாதமும் கொண்டுபோனது சித்திகாதான். குழந்தையின் ரத்தத் தட்டணுக்கள் ஏறாமல் இருந்த அன்றைக்கு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் லோகப்பிரியாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. 'எடுத்துப் பேசிடு, இல்லாட்டி விடமாட்டாங்க' என்று சொன்னதும் சித்திகாதான்.

"லேப்ல கலந்திருக்கலாம்னு ஒரு வரி எழுது சித்தி. கையுறைல இருந்துன்னு எழுது. எல்லா லேப்லயும் நடக்கறதுதானே. நான் சத்தமில்லாம லேபிளைப் பழையபடி மாத்திடறேன். அடுத்த பேட்ச் சுத்தமா வரும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஏற்கெனவே கடைக்குப் போனது?"

"எவ்ளோ கொஞ்சம்னு உனக்கே தெரியும்."

"கொஞ்சந்தான். ஆனா அது சளி மருந்து இல்லடி, நாலு நாள்ல நிறுத்தறதுக்கு. தெனமும் கண்ணுல ஊத்திக்கறாங்க. சாகற வரைக்கும் ஊத்திக்கறாங்க." சித்திகா கொடியில் இருந்த துப்பட்டாவை இழுத்து மடித்தாள். மடித்ததை மறுபடியும் பிரித்தாள். "நீயே நாளைக்குப் போய்ச் சொல்லிடு பிரியா. நாந்தான் விட்டுட்டேன், நானே கண்டுபுடிச்சுக் கொண்டாந்திருக்கேன்னு சொல்லு. அதுக்கப்பறம் ரிப்போர்ட் வரட்டும். நான் சார்கிட்டச் சொல்லி ரெண்டு நாள் தள்ளிப்போடறேன்."

"சொன்னா என்னை விட்டுடுவாங்களா? வீட்டு லோன், இவ ஸ்கூலு, மாமனார் ஆபரேஷன் எல்லாம் இருக்கு. உனக்குப் புரியாது."

"புரியாம என்ன?"

"உனக்கென்ன சித்தி, உன்ன நம்பி யாரு இருக்கா? அம்மாவும் நீயும். உனக்கு எழுதறது ஈஸி."

சொன்ன பிறகு லோகப்பிரியாவே ஒரு கணம் திகைத்தாற்போல் நின்றாள். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கீழே போய் மகளைக் கூப்பிட்டாள். லாஸ்யா படம் முடியவில்லை என்று அடம் பிடித்தாள். தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது குழந்தை மட்டும் "வாரேன் சித்தி" என்றது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டும் கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. சித்திகா அறிக்கையை எழுதினாள். லேபிளிலிருந்து குப்பிச் சுவர் வழியாக மருந்துக்குள் வந்திருக்கிறது என்று, இருந்ததை இருந்தபடி எழுதினாள். யார் பெயரும் அதில் இல்லை; அந்த மாதிரி அறிக்கையில் பெயருக்கு இடம் கிடையாது. வெங்கடபதி இரண்டு தரம் படித்தார்.

"இந்தக் கம்பெனி வேலை இனி நமக்கு வராதுங்க," என்றார்.

"வராதுங்க சார்."

"சரி, போகட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி அந்தக் குப்பிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. தினசரியில் ஒரு மூலையில் சின்னதாகச் செய்தி வந்தது. நோயாளிகள் யாருக்கும் பாதிப்பு என்று தகவல் இல்லை. உள்ளே விசாரணை நடந்தது. லோகப்பிரியாவைப் பொறுப்பிலிருந்து எடுத்து வேறு வேலையில் உட்காரவைத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ராஜினாமா செய்துவிட்டாள் என்று தெரிந்தவர்கள் மூலமாகச் சித்திகா கேள்விப்பட்டாள். பிறகு குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டாள் என்றும்.

போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'பேசணும்' என்று எழுதி அனுப்பினாள். படித்ததற்கான நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன. முன்பெல்லாம் அவர்கள் வராத ஞாயிற்றுக்கிழமையில்கூட அடுத்த முறை வரும்போது என்ன செய்வது என்ற நினைப்பு ஒன்று இருந்தது. இப்போது துவைப்பது, மாவு அரைப்பது, அம்மாவுக்குத் தலை சீவிவிடுவது எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். கட்டிலில் லாஸ்யா படுக்கிற பக்கத்தில் அம்மா தன் தஸ்பீஹ் மணியையும் மருந்து டப்பாவையும் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள ஏங்கண்ணு வர்றதில்ல?" என்று அம்மா கேட்பாள்.

"ஓசூருக்குப் போயிட்டாங்கம்மா. தூரம்."

"பஸ்ஸு இருக்குமே."

"இருக்கும்மா."

கூடத்தில் மற்றவர்கள் அவளைக் கொஞ்சம் மரியாதையோடும் கொஞ்சம் விலகியும் பார்த்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரை இழந்தது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்றும் தெரியும். குறை சொல்ல முடியாது. பாராட்டவும் யாருக்கும் வாய் வரவில்லை. மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் கருவி அறைக்கு வெளியே இருந்த ஜன்னல் திண்டிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். அங்கிருந்து பார்த்தால் மதுக்கரை மலையும், அதன் மேல் தூசி கிளம்புவதும் தெரியும். தான் எழுதியது சரியா என்று அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சரி என்று தெரிவதால் மட்டும் சோறு இறங்கிவிடுவதில்லை என்பதை அந்த நாட்களில் தெரிந்துகொண்டாள்.

அடுத்த ரம்ஜானுக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். நிமோனியா, ஒரு வாரம் படுக்கை. ஷாநவாஸ் ஓடிவந்தான், காரியங்களைச் செய்தான், லீவு முடிந்து திரும்பினான். விமான நிலையத்தில் அவன் அழுதான்; "என்கூட வந்திடு" என்றான். வரமுடியாது என்று அவனுக்கும் தெரியும். அம்மாவின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப் போனபோது பெண்களோடு வாசலில் நின்றவளுக்கு, தோளைப் பிடித்துக்கொள்ள ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லாதது அப்போதைக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அம்மா இறந்ததை லோகப்பிரியாவுக்குச் சொல்லவேண்டும் என்று கையில் போனை எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

இன்னொரு வருஷம் போனது. ஓசூரில் ஊசி மருந்து தயாரிக்கிற ஒரு நிறுவனம் தங்கள் ரப்பர் அடைப்பான்களைச் சோதிக்க ஒரு கூடத்தைத் தேடியது. முதலில் கூடத்தை நேரில் பார்த்துத் தணிக்கை செய்ய ஆட்கள் வருவார்கள் என்று வெங்கடபதி சொன்னார். வந்த மூன்று பேரில் ஒருத்தி லோகப்பிரியா. தலையில் நரை தெரிந்தது. சித்திகாவைப் பார்த்து, தெரியாதவர்களைப் பார்ப்பதுபோலவும் இல்லாமல் தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோலவும் இல்லாமல் தலையசைத்தாள்.

மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து கேள்விகள் கேட்டார்கள். லோகப்பிரியாவின் முறை வந்தது.

"தெரியாத பீக் வந்தா என்ன செய்வீங்க?"

"முதல்ல எங்க பக்கத்தைச் சோதிப்போமுங்க. அப்புறம் குப்பி, மூடி, லேபிள் எல்லாம் தனித்தனியா."

"கஸ்டமர் அதை ஒத்துக்கலைன்னா?"

"திரும்பச் செஞ்சு பாப்போம். அப்பவும் வந்தா எழுதுவோம்."

லோகப்பிரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

வேலை முடிந்து மற்ற இருவரும் வெங்கடபதியோடு காருக்கு நடந்தார்கள். லோகப்பிரியா கருவி அறை வாசலில் பின்தங்கினாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தவறிட்டாங்க. போன வருஷம். ரம்ஜானுக்கு முன்னாடி."

லோகப்பிரியா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லத்தான் போனை எடுத்தேன். நீ எடுப்பியோ மாட்டியோன்னு வெச்சுட்டேன்."

வெளியே கார் ஹாரன் கேட்டது. லோகப்பிரியா சித்திகாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். கையுறை கழற்றாத கை. "ஒரு நாள் வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தாள். உடனே இல்லை; சித்திகா எதிர்பார்ப்பதை நிறுத்தியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாக, பஸ்ஸில் வந்தாள். லாஸ்யாவுக்குப் பரீட்சை என்றாள். உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றியே பேசினாள்; வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றதற்காக அம்மா தன்னைத் திட்டியது, லாஸ்யாவுக்குப் பாத்திஹா ஓதி ஊதியது. பேசப் பேச அழுதாள். சித்திகாவும் அழுதாள். மொட்டை மாடியில் பேசியதைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் வரவில்லை; கேட்கவேண்டியவள் யார் என்பதும் அந்த அறையில் தெளிவாக இல்லை. சாயங்காலம் உக்கடம் பஸ் நிலையம் வரைக்கும் சித்திகா கூட நடந்து போனாள். பஸ் ஏறும்போது லோகப்பிரியா, "அப்ப போயிட்டு வாரேன் சித்திகா," என்று முழுப் பெயரைச் சொன்னாள்.

பஸ் புறப்பட்டதும் சித்திகா திரும்பி நடந்தாள். கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். குளக்கரைப் பக்கம் குடும்பம் குடும்பமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் நின்று மறுநாளைக்கு வேண்டிய தக்காளியும் கொத்தமல்லியும் வாங்கினாள். கடைக்காரர் கால் கிலோவுக்கு நிறுத்துவிட்டு, "போதுமுங்களாக்கா?" என்று கேட்டார். "ஒருத்திக்குத்தானுங்க, போதும்," என்று பையை நீட்டினாள்.